பைத்தான் திட்டத்தில் இம்போர்ட் வரிகளைத் தானாகச் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் திட்டங்களில் இம்போர்ட் (வேறு கோப்பையோ நூலகத்தையோ உள்ளே கொண்டுவரும் வரி) சுத்தத்தைக் கருவியிடம் ஒப்படைக்கும் குழுக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். கட்டளைகளும் விதி எண்களும் இங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே அடிக்க வேண்டும்.

இம்போர்ட் சுத்தம் பண்றதுன்னா சரியா என்ன பண்றது?

இரண்டு தனித்தனி வேலைகளைச் சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். முதலாவது, வரிசைப்படுத்துவது. பைத்தானோடு வரும் நூலகங்கள் முதலில், பிப் வழியாக நிறுவியவை அடுத்து, நம் திட்டத்தின் சொந்தக் கோப்புகள் கடைசியில், நடுவில் ஒவ்வொரு வெற்று வரி. இந்த மூன்று அடுக்கு 2001-இல் எழுதப்பட்ட பெப் 8 நடைக்கையேட்டிலிருந்து வருவது. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் அகர வரிசை என்பது கருவிகள் சேர்த்துக்கொண்ட வழக்கம்.

இரண்டாவது, பயன்படாத இம்போர்ட்டை நீக்குவது. வரிசை மாறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நீக்கினால் ஆகலாம். கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே மூச்சில் ஓட்டியதால் வந்தவை.

ஐசார்ட், ஆட்டோஃப்ளேக், ரஃப்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எதை எடுக்கறது?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரஃப் போதும். 2022-இல் வந்தது, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, இரண்டு வேலையையும் அதுவே செய்யும். பயன்படாத இம்போர்ட்டுக்கு எஃப்401, வரிசை கலைந்திருந்தால் ஐ001 என்று இரண்டு விதி எண்கள். இந்த இரண்டு எண்களும் இந்தப் பக்கம் முழுக்க வரும்.

ஐசார்ட் 2013-இலிருந்து இருக்கிறது. வரிசைப்படுத்த மட்டும் தெரியும், அதை நன்றாகவே செய்யும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அவசரமாக மாற்ற ஒரு காரணமும் இல்லை. ஆட்டோஃப்ளேக் நீக்க மட்டும். அதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: சும்மா ஓட்டினால் பைத்தானோடு வரும் நூலகங்களின் இம்போர்ட்டை மட்டுமே நீக்கும், பிப்பில் நிறுவியவற்றைத் தொடாது. "வேலையே செய்யலை" என்று நினைத்து, ரிமூவ்-ஆல்-அன்யூஸ்டு-இம்போர்ட்ஸ் என்ற கொடியைப் போட்டுவிடுகிறார்கள். கருவி அப்படித் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. "யூஸ் ஆகலைன்னு டூலே சொல்லுது" என்று தொடங்கும் கேள்வியில் பார்க்கலாம்.

ரஃப் ஃபார்மட் ஓட்டினேன், இம்போர்ட் அப்படியேதான் இருக்கு. ஏன்?

ஃபார்மட் கட்டளை இடைவெளி, மேற்கோள் குறி, வரி நீளம் ஆகியவற்றை மட்டும் பார்க்கும். இம்போர்ட் வரிசை செக் கட்டளையின் பொறுப்பு. அதிலும் எஃப் விதிகள் இயல்பாகவே இயங்கும், ஐ விதிகள் இயங்காது, நாம்தான் பைப்ராஜெக்ட்.டாமல் கோப்பில் சேர்க்க வேண்டும்:

[டூல்.ரஃப்.லின்ட்]
எக்ஸ்டெண்ட்-செலக்ட் = ["ஐ"]

பிறகு ரஃப் செக் --ஃபிக்ஸ், அதன் பின் ரஃப் ஃபார்மட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்: ஃபிக்ஸ் விட்டுச்செல்லும் கோணல்மாணலை ஃபார்மட் சரிசெய்யும், தலைகீழாக ஓட்டினால் மறுபடி ஒரு முறை ஃபார்மட் ஓட்ட வேண்டிவரும்.

இதனால கோட் வேகமா ஓடுமா?

ஓடும்போது வேகம் மாறாது. தொடங்கும்போது மாறலாம். கட்டளை வரியில் ஓடி உடனே முடியும் சிறு நிரல் ஒன்று தேவையில்லாமல் பாண்டாஸ் என்ற பெரிய நூலகத்தை ஏற்றிக்கொண்டிருந்தால், அதை எடுத்தவுடன் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் அதே பாண்டாஸை இன்னொரு கோப்பு உண்மையிலேயே பயன்படுத்தினால் ஒரு லாபமும் இல்லை. ஒரு மாட்யூல் ஒரு ப்ராசஸில் ஒரு முறைதான் ஏறும், அடுத்தடுத்த இம்போர்ட் எல்லாம் நினைவகத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும்.

அளந்து பார்க்க, பைத்தான் 3.7 முதல் -எக்ஸ் இம்போர்ட்டைம் என்ற கொடி இருக்கிறது. ஒவ்வொரு மாட்யூலுக்கும் எத்தனை மைக்ரோவிநாடி என்று அச்சிடும். வெளியீடு எஸ்டிடிஎர்ருக்குப் போகும், ஆகவே கோப்பில் சேமிக்க 2> போட வேண்டும்.

பழைய ப்ராஜெக்ட், எண்ணூறு ஃபைல். எங்கேருந்து ஆரம்பிக்கறது?

முதலில் எதையும் மாற்றாமல் எண்ணிக்கை பாருங்கள். ரஃப் செக் --செலக்ட் எஃப்401,ஐ --ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஓட்டினால் விதிக்கு எத்தனை என்று தெரியும். பிறகு எஃப்401-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு --டிஃப் கொடியோடு ஓட்டி, நீங்கப்போகும் வரிகளை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். எண்ணூறு கோப்பில் ஒரு சில நூறு வரிகள் வரலாம். அரை நாள் வேலைதான். சிக்னல்ஸ், மாடல்ஸ், டாஸ்க்ஸ், ஃபிக்ஸ்சர், ப்ளகின், ரெஜிஸ்டர் போன்ற பெயர்கள் வரும் இடத்தில் நின்று பார்க்கவும். வைத்துக்கொள்ள வேண்டிய வரிக்கு நோக்யூஏ குறிப்பு (இந்த வரியை விட்டுவிடு என்று கருவிக்குச் சொல்வது) போட்டபின் --ஃபிக்ஸ், டெஸ்ட், கமிட்.

வரிசைப்படுத்துவது அதன் பிறகு, தனிக் கமிட்டாக. நீக்குவதை முதலில் வைப்பதற்குக் காரணம், அந்த டிஃபில் கழித்தல் வரிகள் மட்டுமே இருக்கும், ரிவ்யூ செய்பவர் படிப்பார். வரிசைப்படுத்திய டிஃபை யாரும் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. இரண்டையும் கலந்தால் ஆபத்தான பத்து வரிகள் ஆபத்தில்லாத ஐயாயிரம் வரிகளுக்குள் ஒளிந்துகொள்ளும்.

டெஸ்ட் பாஸானதோடு விட்டுவிடாமல், திட்டத்தின் ஒவ்வொரு நுழைவாயிலையும் ஒரு முறை கிளப்பிப் பாருங்கள்: வெப் சர்வர், பின்னணி வொர்க்கர், இரவில் ஓடும் கிரான் ஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் மைக்ரேஷன். டெஸ்ட் எட்டாத இடங்கள் இவைதான். கடைசியாக, வரிசைப்படுத்திய கமிட்டின் முழு ஹாஷை .கிட்-ப்ளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பில் போட்டு, கிட் கான்ஃபிக்கில் ப்ளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்று அதைக் காட்டிவிட்டால், ப்ளேம் (எந்த வரியை யார் மாற்றினார் என்ற பட்டியல்) பார்க்கும்போது எல்லா வரியும் உங்கள் பெயரில் நிற்காது. கிட் 2.23-இலிருந்து இது உண்டு. கிட்ஹப்பும் இந்தப் பெயரிலுள்ள கோப்பை மதிக்கிறது.

யூஸ் ஆகலைன்னு டூலே சொல்லுது. அப்புறம் நீக்கினா எப்படி உடையும்?

கருவி பார்ப்பது பெயரை மட்டும். இம்போர்ட்டில் வந்த பெயர் அந்தக் கோப்பில் வேறெங்கும் வரவில்லையென்றால் பயன்படவில்லை என்று முடிவு கட்டும். ஆனால் இம்போர்ட் என்பது பெயரைக் கொண்டுவருவது மட்டுமல்ல, அந்தக் கோப்பை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை ஓட்டுவதும்கூட. அப்படி ஓடுவதற்காகவே எழுதிய இம்போர்ட் கருவியின் கண்ணுக்குக் குப்பை. கோ மொழியில் இதற்கென்றே அடிக்கோடு போட்டு இம்போர்ட் செய்யும் வழி இருக்கிறது. பைத்தானில் இல்லை, அதுதான் சிக்கலின் வேர்.

மோசமான உதாரணம் அலெம்பிக் என்ற டேட்டாபேஸ் மைக்ரேஷன் கருவி. அதன் என்வ்.பை கோப்பில் இரண்டு வரிகள் இருக்கும்: ஒன்று பேஸ் வகுப்பைக் கொண்டுவரும், மற்றொன்று ஆப்.மாடல்ஸை இம்போர்ட் செய்யும். இரண்டாவது பெயர் கீழே எங்கும் வராது. ஆனால் மாடல் கோப்புகள் ஓடினால்தான் ஒவ்வொரு டேபிளும் பேஸ்.மெட்டாடேட்டாவில் பதிவாகும். அந்த வரியை எஃப்401 நீக்கிவிட்டால் எரர் எதுவும் வராது. அடுத்த முறை ஒருவர் ஆட்டோஜெனரேட் ஓட்டும்போது, மெட்டாடேட்டா காலி, டேட்டாபேஸில் முப்பது டேபிள். எனவே இந்த முப்பதும் வேண்டாதவை என்று அலெம்பிக் முடிவு செய்து, அப்கிரேட் செயற்கூற்றுக்குள் முப்பது டிராப்_டேபிள் வரிகளை எழுதிக் கொடுக்கும். படிக்காமல் ஓட்டினால் டேட்டா போச்சு.

மற்றவை இவ்வளவு பயங்கரமில்லை, ஆனால் சத்தமில்லாதவை. ஜாங்கோவில் ஆப்ஸ்.பை கோப்பின் ரெடி செயற்கூற்றுக்குள் இருக்கும் சிக்னல்ஸ் இம்போர்ட் போனால், பதிவானவுடன் போக வேண்டிய மின்னஞ்சல் போகாமல் நிற்கும். ரீட்லைன் இம்போர்ட் போனால், இன்புட் கேட்கும் இடத்தில் மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வராது, ^[[ என்று ஏதோ கிறுக்கும். பைடெஸ்ட் ஃபிக்ஸ்சரை வேறு கோப்பிலிருந்து இம்போர்ட் செய்திருந்தால் அதுவும் பயன்படாததாகவே தெரியும். இது மட்டும் நல்லவேளையாக ஃபிக்ஸ்சர் கிடைக்கவில்லை என்று உடனே கத்தும். அதற்குச் சரியான இடம் கான்ஃப்டெஸ்ட்.பை.

இனிட் ஃபைல்ல இருக்கறது எல்லாமே யூஸ் ஆகலைன்னு காட்டுது. எடுத்துடலாமா?

கூடாது. பேக்கேஜின் இனிட் கோப்பில் இருக்கும் இம்போர்ட்டுகள் பெரும்பாலும் வெளியே இருப்பவர்களுக்காகத் திறந்து வைத்த கதவுகள். ரஃப் இதை அறியும். அங்கே எஃப்401 திருத்தத்தைப் பாதுகாப்பற்றது என்று வைத்திருப்பதால் --ஃபிக்ஸ் மட்டும் போட்டால் நீக்காது. எச்சரிக்கையும் வேண்டாமென்றால், அந்தப் பெயர்களை __ஆல்__ பட்டியலில் சேருங்கள், அல்லது ஏ-வை ஏ என்றே பெயரிட்டு இம்போர்ட் செய்யுங்கள். இரண்டாவது பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் "வெளியே கொடுக்கவே கொண்டுவந்தேன்" என்று டைப் செக்கர்களும் அதைப் புரிந்துகொள்ளும்.

இதே கதவு வேலையைச் சாதாரணக் கோப்பும் செய்யலாம், அங்கேதான் அடி விழும். யூட்டில்ஸ்.பை ஒரு பெயரை இம்போர்ட் செய்கிறது, தான் பயன்படுத்தவில்லை. இன்னொரு கோப்பு அதே பெயரை யூட்டில்ஸிலிருந்து எடுக்கிறது. ரஃப் கோப்பு கோப்பாகத்தான் பார்க்கும், இந்தத் தொடர்பு அதற்குத் தெரியாது, தயங்காமல் நீக்கிவிடும். டெஸ்டில் மாக் பேட்ச் செய்யும்போது சரமாக எழுதும் முகவரிகளும் இப்படித்தான். பைடெஸ்ட் --கலெக்ட்-ஒன்லி ஓட்டினால் முதல் வகை பெரும்பாலும் சில விநாடிகளில் பிடிபடும். இரண்டாவதற்கு டெஸ்ட் முழுதும் ஓட வேண்டும்.

அப்போ சந்தேகம் உள்ள எல்லா இடத்துலயும் நோக்யூஏ போட்டுட்டா முடிஞ்சுதா?

போடலாம், விதி எண்ணோடும் காரணத்தோடும்:

இம்போர்ட் ஆப்.மாடல்ஸ்  # நோக்யூஏ: எஃப்401 மெட்டாடேட்டாவில் டேபிள் பதிவாக

எண் இல்லாத மொட்டை நோக்யூஏ அந்த வரியின் எல்லாக் குறைகளையும் மூடிவிடும். காரணம் இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து இன்னொருவர் "இது எதுக்கு" என்று எடுத்துவிடுவார். ஒரு கோப்பு முழுக்க இப்படித்தான் என்றால் வரிக்கு வரி போடாமல் அமைப்புக் கோப்பில் பெர்-ஃபைல்-இக்னோர்ஸில் எழுதுங்கள். தேவை தீர்ந்தும் ஒட்டிக்கொண்டிருக்கும் நோக்யூஏக்களை ஆர்யூஎஃப்100 விதி கண்டுபிடிக்கும்.

வரிசை மட்டும்தான் மாத்தினேன், சர்க்குலர் இம்போர்ட் எரர் வருது!

வட்டம் முன்பே இருந்தது, வரிசைதான் அதை மறைத்துக்கொண்டிருந்தது. ஆர்டர்ஸ் கோப்பு யூசர்ஸிலிருந்து ஒன்றை எடுக்கிறது, யூசர்ஸ் ஆர்டர்ஸிலிருந்து ஒன்றை எடுக்கிறது. முதலில் யூசர்ஸ் ஏறும்வரை தற்செயலாகச் சரியாக ஓடியது. அகர வரிசையில் ஆர்டர்ஸ் முன்னால் வந்ததும், பாதி ஏறிய மாட்யூலிலிருந்து பெயர் எடுக்கப் பார்த்து நின்றுவிட்டது. பைத்தான் 3.8 முதல் எரர் செய்தியிலேயே பார்ஷியலி இனிஷியலைஸ்டு என்று வரும்.

இன்றைக்கு ஓட வேண்டுமென்றால் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே "# ஐசார்ட்: ஸ்ப்ளிட்" என்று குறிப்பு போட்டால் போதும், அதைத் தாண்டி வரிகள் மாறாது, ரஃபும் இந்தக் குறிப்பை மதிக்கும். நிரந்தரத் தீர்வு, இருவருக்கும் பொதுவானதை மூன்றாவது கோப்புக்கு மாற்றுவது. ஜிஈவென்ட்டின் மங்கி பேட்ச் போல இம்போர்ட்டுகளுக்கு நடுவே ஓட வேண்டிய வரி இருந்தால் பயம் வேண்டாம்: ரஃபும் ஐசார்ட் 5-உம் நடுவில் வரும் கோடைத் தாண்டி இம்போர்ட்டை நகர்த்தாது. ஐசார்ட்டில் ஃப்ளோட்-டு-டாப் போட்டால்தான் நகர்த்தும். இம்போர்ட் கோப்பின் மேலே இல்லை என்று சொல்லும் ஈ402 எச்சரிக்கையைப் பார்த்துக் கையால் மேலே தூக்கி வைப்பவர்களால்தான் இங்கே அதிகம் உடைகிறது.

என் மெஷின்ல பாஸ், சிஐ-ல ஐ001 ஃபெயில். ரெண்டும் ஒரே கோட்தான்.

கோட் ஒன்றுதான், ஆனால் உங்கள் மெஷினிலும் சிஐ-யிலும் (மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சர்வர்) ஃபோல்டர் ஒன்றல்ல. ஒரு பெயர் நம்முடையதா வெளியாருடையதா என்று முடிவு செய்ய ரஃப் அந்தப் பெயரில் ஃபோல்டரோ கோப்போ இருக்கிறதா என்று பார்க்கிறது. வான்ட்பி நூலகம் ஓடும்போது உங்கள் திட்டத்துக்குள் வான்ட்பி என்றே ஒரு ஃபோல்டரை உருவாக்கும். அது கிட்டில் இல்லை, ஆகவே சிஐ-யிலும் இல்லை. உங்கள் மெஷினில் சொந்த அடுக்கு, சிஐ-யில் வெளியார் அடுக்கு. நோன்-தர்ட்-பார்ட்டி பட்டியலில் அந்தப் பெயரைப் போட்டால் தீர்ந்தது. கோட் எல்லாம் பேக்எண்ட் போன்ற உள்ஃபோல்டரில் இருந்தால், எஸ்ஆர்சி அமைப்பில் அந்த ஃபோல்டரைச் சொல்லுங்கள். இயல்பாக வேர் ஃபோல்டரும் எஸ்ஆர்சி ஃபோல்டரும் மட்டுமே கணக்கில் வரும்.

அதுவும் இல்லையென்றால் பதிப்பு எண். ப்ரீ-கமிட் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனை) கோப்பில் ஒரு ரஃப், சிஐ-யில் வேறொரு ரஃப் இருப்பது மிகச் சாதாரணம்.

ஐசார்ட் ஒண்ணு பண்ணுது, பிளாக் அதை மாத்துது, கமிட்டே ஆக மாட்டேங்குது.

பிளாக் கோடை ஒரே வடிவத்தில் அமைக்கும் கருவி. நீண்ட இம்போர்ட்டை மடக்கும் பாணியில் இரண்டுக்கும் இயல்பாகவே ஒத்துப்போகாது. வரி நீளமும் ஐசார்ட்டுக்கு 79, பிளாக்குக்கு 88. ஐசார்ட் அமைப்பில் ப்ரொஃபைல் = "பிளாக்" என்று ஒரு வரி போடுங்கள். சண்டை நின்றுவிடும்.

இப்பதான் சேர்த்த இம்போர்ட், சேவ் பண்ணினதும் காணாம போயிடுது.

விஎஸ் கோடில் சேவ் செய்யும்போது ஃபிக்ஸ்ஆல் ஓடுகிறது. பெயரைப் பயன்படுத்தும் வரியை நீங்கள் இன்னும் எழுதவில்லை, அதற்குள் எஃப்401 முந்திக்கொள்கிறது. சேவ் செய்யும்போது ஆர்கனைஸ்இம்போர்ட்ஸ் மட்டும் ஓடட்டும். ரஃபின் அந்தச் செயல் வரிசைப்படுத்துவதோடு நிற்கும். நீக்குவதை ப்ரீ-கமிட்டுக்கு விடுங்கள். ப்ரீ-கமிட் கோப்பைத் திருத்தியதும் கமிட்டை நிறுத்திவிடும், அது பிழை அல்ல. மறுபடி கிட் ஆட், மறுபடி கமிட்.

மத்தவங்க பிராஞ்ச் எல்லாம் கான்ஃப்ளிக்ட் ஆகுமே?

ஆகும். ஆனால் இம்போர்ட் பகுதியில் வரும் கான்ஃப்ளிக்ட்டைத் தீர்க்க யோசிக்கவே வேண்டாம். இரண்டு பக்க வரிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, குறியீட்டு வரிகளை மட்டும் அழித்து, எஃப்401-உம் ஐ-யும் தேர்ந்து --ஃபிக்ஸ் ஓட்டுங்கள். இரட்டித்தது ஒன்றாகும், பயன்படாதது போகும், வரிசை நேராகும்.

பயப்பட வேண்டியது கான்ஃப்ளிக்ட் வராத மெர்ஜுக்குத்தான். மெயினில் ஜேசன் இம்போர்ட் பயன்படவில்லை என்று நீங்கள் நீக்கினீர்கள். அதே நேரம் ஒருவர் தன் பிராஞ்சில், மேலேதான் ஜேசன் இருக்கிறதே என்று நூறாவது வரியில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். வரிகள் வேறு வேறு இடத்தில் இருப்பதால் கிட் முகம் சுளிக்காமல் சேர்த்துவிடும், ஓடும்போது நேம்எரர் வரும். வரையறுக்காத பெயரைக் கண்டுபிடிக்கும் எஃப்821 விதி இதைப் பிடிக்கும். ஆகவே சிஐ-யில் ரஃப் செக்கை --ஃபிக்ஸ் இல்லாமல், மெர்ஜ் ஆன பிறகு மெயினிலும் ஓட்டுங்கள்.

டைப் ஹின்டுக்கு மட்டும் வேணும்கிற இம்போர்ட்டை டைப்_செக்கிங்குக்குள்ள தள்ளிடலாமா?

டைப்_செக்கிங் பகுதிக்குள் இருப்பது நிரல் ஓடும்போது ஏறாது. டைப் செக்கர் மட்டும் படிக்கும் ஹின்ட் என்றால் தாராளமாக. சர்க்குலர் இம்போர்ட்டுக்கும் அது நல்ல மருந்து. ஆனால் பைடான்டிக் மாடலும் ஃபாஸ்ட்ஏபிஐ செயற்கூறும் ஹின்டை ஓடும்போதே படித்து அதன்படி நடப்பவை. அங்கே தள்ளினால் பெயர் கிடைக்காமல் உடையும். ரஃபின் டிசி விதிகள் இந்த வேலையைத் தானாகச் செய்யும், இயல்பாக இயங்காது. இயக்கினால், ரன்டைம்-இவால்யுவேட்டட்-பேஸ்-கிளாசஸ் பட்டியலில் பைடான்டிக்.பேஸ்மாடலைச் சேர்க்காமல் ஓட்டாதீர்கள்.

ஸ்டார் இம்போர்ட் இருந்தா? ட்ரை-எக்ஸெப்ட்டுக்குள்ள இருந்தா?

ஸ்டார் (* போட்டு எல்லாப் பெயர்களையும் கொண்டுவருவது) இருந்தால் எந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று கருவிக்குத் தெரியாது, எஃப்403, எஃப்405 என்று புலம்பும், திருத்தாது. ஆட்டோஃப்ளேக்கில் எக்ஸ்பாண்ட்-ஸ்டார்-இம்போர்ட்ஸ் உண்டு, கோப்பில் ஒரே ஒரு ஸ்டார் இருந்தால் மட்டும் வேலை செய்யும். நூலகம் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ட்ரைக்குள் இம்போர்ட் செய்திருந்தால், ரஃப் அதை நீக்காமல் இம்போர்ட்லிப்.யூட்டிலின் ஃபைண்ட்_ஸ்பெக்கைப் பயன்படுத்தச் சொல்லும். சொல்வதைக் கேட்கலாம்.

இம்போர்ட் போயிடுச்சு. ரெக்வயர்மென்ட்ஸ்லேருந்தும் அந்த பேக்கேஜை எடுத்துடலாமா?

இம்போர்ட் இல்லை என்பதால் பேக்கேஜ் தேவையில்லை என்றாகாது. சைகோபிஜி2-ஐ உங்கள் கோடில் எங்கும் இம்போர்ட் செய்திருக்க மாட்டீர்கள்; இணைப்பு முகவரியைப் பார்த்து எஸ்க்யூஎல்ஆல்கெமி தானே ஏற்றிக்கொள்ளும். குனிகார்ன் கட்டளை வரியிலிருந்து ஓடுகிறது. ஜாங்கோவின் இன்ஸ்டால்டு_ஆப்ஸில் இருப்பவை வெறும் சரங்கள். டெப்ட்ரை கருவி இப்படிப்பட்டவற்றைப் பயன்படாதவை என்று பட்டியலிடும்போது, ஒவ்வொரு பெயரையும் அமைப்புக் கோப்புகள், டாக்கர்ஃபைல், கிரான் பட்டியல் ஆகியவற்றில் தேடிப் பார்த்து, ஒரு முறைக்கு ஒரு பேக்கேஜாக எடுங்கள். புதிதாக உருவாக்கிய வெற்று விர்ச்சுவல் என்வில் நிறுவித்தான் சோதிக்க வேண்டும்; பழைய என்வில் அந்த பேக்கேஜ் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கும், எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும்.